இரண்டு வீதம்

நேற்றுச் சொன்ன விலை
இன்று தேநீர் ஆறுமுன் பழசாகிவிட்டது.
தெஹிவளை நிஹார் தன் வெள்ளை வேகன் ஆருக்கு
இரவோடிரவாக இரண்டு லட்சம் ஏற்றியிருந்தான்.
"வேற ஆள் வந்திட்டான், மச்சான்."
வேற ஆள் என்று ஒருவன்
இந்த நகரத்தில் எப்போதும் வந்துகொண்டேயிருக்கிறான்.
அவன் முகத்தை நான் கண்டதில்லை.
அவனால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

கப்பலில் கார் இறங்காத காலம்.
பதினேழு வருடம் ஓடிய கொரோலாவும்
மாப்பிள்ளையாகிச் சீதனம் கேட்கிறது.
முன்பெல்லாம் கதவை விரலால் தட்டிப் பார்ப்பார்கள்;
'டங்' என்றால் தகரம், 'டப்' என்றால் புட்டி.
அந்த 'டப்' காதில் விழாதிருக்க
நான் உரக்கப் பேசுவேன்.
இப்போது தட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.
மீட்டரை நம்புவதில்லை,
நம்பாமலே வாங்குகிறார்கள்.

புதன் இரவு
ஸ்காபரோவிலிருந்து தெய்வேந்திரம் அண்ணர் எடுத்தார்.
"வெள்ளவத்தையில இப்ப பேர்ச் என்ன போகுது?"
தொழில் பழக்கத்தில் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
தொலைபேசியின் எதிரொலி மட்டும்
நான் சொன்ன விலையை எனக்கே சொல்லியது.
"அப்ப குடுத்திடுவம். ஆளை நீரே பாரும்.
ரெண்டு வீதம் உமக்கு."

கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, ஏழு பேர்ச்.
அதன் மேல்மாடியில்
பதினோராண்டாக வாடகைக்கு இருப்பது
நான்தான்.

ஞாயிறு காலை ஆட்கள் வந்தார்கள்.
வதனி குழம்பைப் பாதியில் இறக்கினாள்.
கருவாட்டு மணம் பேர்ச்சுக்கு ஐம்பதாயிரம் குறைக்கும்
என்று சொன்னவனும் நான்தான்.
என் படுக்கையறைக் கதவை
அயல்வீட்டுக் கதவுபோல் தட்டித் திறந்தேன்.
"பெரிய அறை. கடற்காற்று நேரே வரும்."
கட்டிலுக்கு மேலே சுவர் கசியும் இடத்தில்
முந்திய இரவே நாட்காட்டியை மாற்றி மாட்டியிருந்தேன்.
நவம்பர் மழையில் அதன் கீழ் வாளி வைத்து
முறைபோட்டு விழித்திருந்தது
வசதிகளில் சேராது.

ஆரபி மூலையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.
வந்த பெண் அவளைப் பார்த்தபடியே
என்னைக் கேட்டாள்:
"இருக்கிறவை எப்ப எழும்புவினம்?"
"அது பிரச்சினையில்லை" என்றேன்.

"றெயில் சத்தம்?" என்றார் கணவர்.
"பழகினால் கேட்காது" என்று வாய் மூடவில்லை,
வந்தது.
யன்னல், கோப்பைகள், வதனியின் வளையல்
எல்லாம் சேர்ந்து நடுங்கின.
நால்வரும் அசையாமல் நின்றோம்.
ஆரபி மட்டும் பென்சிலைத் தூக்கிக் காத்திருந்து,
கடைசிப் பெட்டி போனதும்
விட்ட இலக்கத்திலிருந்து தொடர்ந்தாள்.

மாலை அவர் எடுத்தார்:
"கேட்ட விலைக்குச் சம்மதம்."
எனக்கு என்ன வந்தது தெரியவில்லை.
"ஒரு சின்னச் சிக்கல், தம்பி.
வேற ஆள் வந்திட்டான்" என்றேன்.
சொல்லும்போது இருட்டிய யன்னல் கண்ணாடியில்
அவனை முதல்முறை கண்டேன்.
சவரம் செய்யாத முகம்,
கையில் முற்பணம் இல்லை.
மறுமுனையில் தயக்கமே இல்லை.
"எவ்வளவு ஏத்த வேணும்?"

வதனி குழம்பை மறுபடி அடுப்பில் வைத்தாள்.
கூடிய விலையைச் சொன்னேன், என் பங்கையும்.
பழைய வீட்டுக்குக் காசில்லை, எல்லாம் மண்ணுக்குத்தான்.
அந்தப் பங்குக்கு இதே ஒழுங்கையில்
எவ்வளவு மண் வரும் என்று
ஆரபி வகுத்துப் பார்த்தாள்:
முப்பத்தெட்டுச் சதுர அடி.
எழுந்து போய் அடிமட்டத்தால்
எங்கள் கட்டிலை அளந்து வந்தாள்.
"சரியா வருது அப்பா."

பிறகு, ஏதோ பிழை கண்டவள்போல்,
"நீங்கள் விலையை ஏத்தினாலும்
அதே முப்பத்தெட்டுத்தான்" என்றாள்.

நிஹார் மறுபடி எடுத்தான்.
நான் எடுக்கவில்லை.
ஒலி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின் எடுத்தேன்.