நூற்றெட்டு

பம்பரைக் கழற்றிப் பெரிய இன்டர்கூலரை மாட்டிய அன்றே
ஸ்டான்லி சொன்னான்:
"டர்போவுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும்.
பின்னால் நிற்கிற ரேடியேட்டருக்கு
மிச்சம்தான்."
குழாயடியில் பெரிய குடம் முந்திக்கொண்ட மாதிரி.

நானும் சும்மா இருக்கவில்லை.
ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சந்துகளைக்
கறுப்பு ஃபோம் ஒட்டி அடைத்தேன்,
காற்று ஏமாற்றிவிட்டுச் சுற்றிப் போகாதபடி.
பிளாஸ்டிக் இறக்கை வைத்த வாட்டர் பம்பைக் கடாசிவிட்டு
உலோக இறக்கை வைத்தது.
கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி.
ஒரு ஞாயிறு முழுக்க
லிங்கராஜபுரத்துச் சரிவில் மூக்கை உயர்த்தி நிறுத்தி
குழாய்க்குள் சிக்கிய காற்றைக்
குமிழி குமிழியாக வெளியே விட்டேன்.
பில்லை மட்டும்
டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

சுகிர்தா அதைத்தான் எடுத்துப் படித்தாள்.

பதினொரு நாள் பேச்சில்லை.
உப்பு வேண்டுமென்றால் ஜாடி என் பக்கம் நகரும்,
அவ்வளவுதான்.

ஏப்ரல் மாலை. ஓசூர் சாலையில் மண்டபம்.
அவள் சித்தப்பா மகளுக்கு ரிசப்ஷன்.
கோரமங்களா தாண்டும்வரை தொண்ணூறு.
ஓடினால் குளிர்ந்துகொள்ளும் இந்த எஞ்சின்.
நின்றால்தான் காய்ச்சல்.
நைஸ் ரோட்டில் விரட்டினாலும் அசையாத எண்
சில்க் போர்டில் நின்றதும்
மாவு புளிப்பதுபோல் சத்தமில்லாமல் பொங்கும்.

தொண்ணூற்றாறு.
முன்னால் ஒரு கம்பெனி பஸ், அதன் வெந்த மூச்சு.
நூற்றிரண்டு.
மின்விசிறி அடித்தொண்டையில் கத்தியது.
ஏசியை அணைத்தேன்.
நூற்றைந்து.
ஓரம் கட்டலாமென்றால் ஓரம் இல்லை,
அங்கே ஒரு ஆட்டோ, அதற்கும் ஓரத்தில் மூன்று பைக்.
நூற்றெட்டு.

ஹீட்டரைத் திறந்தேன்,
சிவப்புக் கோட்டின் கடைசிவரை.
கண்ணாடிகளை இறக்கினேன்.
எஞ்சினால் தாங்க முடியாததை
உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் வாங்கிக்கொள்ள வேண்டும்.
வேறு கணக்கே கிடையாது.
அடுப்பு வாயாக முகத்தில் அடித்தது.
பியூட்டி பார்லரில் ஒன்றரை மணி நேரம் சுருட்டிய முடி
அவள் காதருகே நேராகிக் கீழே இறங்கியது.

"என்ன இது?"
பதினொரு நாளில் முதல் சொல்.
சொன்னேன். அங்கே இருப்பதில் கொஞ்சத்தை
இங்கே எடுத்துக்கொள்கிறோம்.
கதவைத் திறந்து இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.
பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத்
தன் பயணியிடம் ஏதோ கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார்.
அவள் மொய்க் கவரால் விசிறிக்கொண்டு
மீட்டரின் பக்கம் குனிந்தாள்.

"நூத்தியேழு."
கொஞ்ச நேரம் கழித்து, "ஏழுதான்."
பிறகு, "ஆறு."
வியர்வை மூக்குத்தியில் தங்கி, யோசித்து, விழுந்தது.
"நூத்தி மூணு. பஸ் நகருது பார். போ."

மண்டபத்து வாசலில் நிறுத்தியும் சாவியைத் தொடவில்லை.
ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்.
டர்போவின் அச்சில் எண்ணெய் இன்னும் ஓட வேண்டும்,
சட்டென அணைத்தால் அங்கேயே தீய்ந்து கரியாகும்.
"ரெண்டு நிமிஷம்" என்றேன்.
அவளும் இறங்கவில்லை.
உள்ளே மெல்லிசைக்காரர்கள் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

"மொத்தம் எவ்வளவு? உண்மையைச் சொல்."
பில்லில் ஏறாத டவுன்பைப்பையும் சேர்த்துச் சொன்னேன்.
முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்,
மெதுவாக, நெற்றியிலிருந்து.
மீட்டரில் தொண்ணூற்று நான்கு.

சாவியைத் திருப்பிய பிறகும்
மின்விசிறி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

படியில் அவள் சித்தி
ஏற இறங்கப் பார்த்தார்:
என் முதுகோடு ஒட்டிய சட்டை,
கன்னம்வரை வழிந்த அவள் கண்மை.
"அடடா, அங்கே மழையா?"
"சில்க் போர்டில் செம மழை, சித்தி" என்றாள் சுகிர்தா,
நனைந்த மொய்க் கவரை
என் கைக்கு மாற்றியபடியே.