கேஸ்

எங்க தெருவுல அந்தச் சொல்லு
ஒரே வாசல்ல ரெண்டு ஆளா நுழையும்.
காக்கிச் சட்டை சிலிண்டரை உருட்டிக்கிட்டு வந்தா கேஸ்.
உருட்டாம லத்தியோட வந்தாலும் கேஸ்தான்.

எதிர்வீட்டு தேசம்மா நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு
“மொச்சைக் கொட்ட தின்னேன், கேஸு”ம்பா.
ஸ்டான்லியில தொட்டுப் பார்த்துட்டு
ஹார்ட் கேஸ்னு எழுதினாங்க.

அவ மகன் லோகு பேருல மூணு.
ஒண்ணு அடிதடி, ஒண்ணு வேற எவனோ செஞ்சது,
மூணாவது எதுக்குன்னு ஏட்டுக்கே ஞாபகம் இல்ல.
பொண்ணு கேட்டுப் போன இடத்துல சொன்னாங்களாம்:
“அதுவா? அது ஒரு கேஸு.”

மார்கழி. ராத்திரி ரெண்டரை.
காத்துல யாரோ மொளகாப்பொடி தூவுன மாதிரி.
எண்ணூர் பக்கம் இருந்து ஒரு கத்தல்:
“கேஸு! கேஸு வந்துடுச்சு!”

லோகு எழுந்தான், லுங்கியைத் தூக்கிக் கட்டி
பின்சுவர் ஏறிக் குதிச்சான்.
போலீசுக்குப் பயந்து அவன் ஓடுற வழி
எப்பவும் கடலுக்குத்தான்.
அன்னைக்கு நல்ல காத்தும் அங்கதான் இருந்தது.
பின்னாலயே ஓடின நாங்க பொழைச்சோம்.

விடிஞ்சதும் கம்பெனி கேட்டுல போய் உக்காந்தோம்,
இருமிக்கிட்டே.
காத்துல ஒண்ணும் இல்லன்னு ஒரு அதிகாரி சொன்னார்.
அப்புறம் ஒவ்வொருத்தர் பேரா கேட்டு எழுதிக்கிட்டாங்க.
நூத்திப் பன்னண்டு பேர்.
லோகுவுக்கு இது நாலாவது, எனக்கு முதல்.

இன்னைக்கு வாய்தா.
திருவொத்தியூர் கோர்ட்டு வராண்டாவுல
டவாலி கூப்பிடுறார்: “கேஸ் நம்பர்…”

தேசம்மா முந்தானையால
மூக்கைப் பொத்திக்கிறா.