தோடி, பக்கம் அறுபத்து நாலு

காந்தாரத்துக்கு ஒரு வினைச்சொல் தேடி
பீஷான் பதினோராம் மாடியில்
மூன்று வாரம்.
'நடுங்கும்' என்றெழுதி அடித்தேன்,
குளிர்ஜுரம் போலிருந்தது.
'ஊசலாடும்'. அதுவும் அப்படியே தொங்கிற்று.
மேடையில் இந்தத் தொல்லை இல்லை;
தொண்டை என்னைக் கேட்காமலே
போய் வந்துவிடும்.

சனிக்கிழமை வகுப்பு.
பல் மருத்துவர் சபாபதி, வயது ஐம்பத்திரண்டு,
ஈரக் குடையை நடைபாதையில் விரித்துவைத்துவிட்டு
சுருதிப்பெட்டி எதிரே அமர்ந்தார்.
"காந்தாரத்துல எங்க நிக்கணும், மேடம்?"
"நிக்கவே கூடாது."
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
ஃபேர்பிரைஸ் ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.
அவர் பாடிக்கொண்டே இருந்தார்,
தப்பாக.

நேற்று அச்சுப்படி வந்தது.
யாரோ கைவைத்திருந்தார்கள்:
'காந்தாரத்தில் நிற்கக் கூடும்.'
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.

இன்று சிராங்கூன் சாலைக் கோயிலில் கச்சேரி.
கடைசி வரிசையில் யாரோ கைபேசியில்
அடுத்த பேருந்து எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க,
ஆலாபனை நடுவே
வேண்டுமென்றே
ஒரு நொடி அசையாமல் நின்று பார்த்தேன்.
பின்தொடர வந்த வயலின்காரர்
வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.

திருத்தங்களைத்
திங்களுக்குள் அனுப்ப வேண்டும்.