இடைவெளி என்பவரின் மனைவி

சின்னப்பாலம் பாசிச் சங்கத்தின் விக்கியில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
ஆளுக்கொரு பக்கம்.
பெயர், கணவர், கரை, பாசி, எடை.
மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை.
எல்லாம் நான் போட்ட கட்டங்கள்.

மேலே ஒரு தேடல் பெட்டி.
குந்துகால் என்று தட்டினால்
குந்துகால்காரிகள் மட்டும் வரிசையாக வருவார்கள்.
புதன் இரவு, மறுநாள் துறைக்கு அனுப்பவேண்டிய முழுப் பட்டியலுக்காக
எதையும் தட்டாமல் திறந்தேன்.
ஒருத்தியும் இல்லை.
வெள்ளைத் திரை, மேலே
மின்விசிறி கட்டைக் குரலில் சுற்றுகிறது.

வடிகட்டி பொய் சொல்லவில்லை.
எந்தக் கரை என்று கேட்டது,
நான் வாய் திறக்கவில்லை.
அந்தப் பேச்சின்மையையே ஓர் ஊராக எடுத்துக்கொண்டு
பெயரில்லாத அந்தக் கரை முழுக்கத் தேடிவிட்டு
ஆளில்லை என்று வந்து நிற்கிறது.

கேள்வி காலியாக வந்தால் சல்லடையை ஓரமாக வை,
எல்லோரையும் விடு.
எழுதவேண்டியது அவ்வளவுதான்.
மூன்று முறை எழுதி அழித்தேன்.
ஒருமுறை சதுர அடைப்பை மூட மறந்தேன்,
ஒருமுறை எல்லோரும் இரண்டிரண்டாய் வந்தார்கள்.
ராமேஸ்வரம் ரயில் பாலம் ஏறுகிற சத்தம் கேட்டபோது
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும்
முட்டிமோதிக் கரையேறினார்கள்.

அடுத்தது தனித்து வாழும் பெண்களின் பட்டியல்.
கணவர் கட்டம் காலியாக உள்ளவர்கள்.
நாற்பத்தொன்று வந்தது.
காலையில் உறுமாயி வந்தாள்,
விரல்களில் சுற்றிய துணிகூட அவிழ்க்காமல்.
"ஏம் பேரக் காணோமாம்ல?"

அவள் பக்கத்தைத் திறந்தேன்.
கணவர் என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை.
ஆனால் உண்டு என்கிறது வடிகட்டி.
கர்சரை உள்ளே வைத்து நகர்த்தினேன்.
ஓர் அடி எடுத்து வைத்தது.
அங்கே ஓர் இடைவெளி.
தட்டச்சு செய்த டெல்பின்
போகிறபோக்கில் நீளப் பொத்தானை ஒருமுறை தட்டியிருக்கிறாள்.

"அக்கா, ஒங்களுக்கு ஒரு வீட்டுக்காரர் இருக்கார்.
பேர் கெடையாது. கண்ணுக்குத் தெரிய மாட்டார்.
எடத்த மட்டும் அடச்சிக்கிட்டு இருக்கார்."

கொஞ்சம் யோசித்தாள்.
"இருந்தப்பவும் அப்படித்தான் இருந்தாரு"
என்றாள். சிரித்ததில் உப்புத் தண்ணீர்
விசைப்பலகை மேல் சொட்டியது.

ஓரங்களில் ஒட்டிய வெற்றிடத்தை வழித்துவிட்டுப் பிறகு பார்,
என்று ஒரு சொல் சேர்த்தேன்.
நாற்பத்திரண்டு.

அல்ல, நாற்பத்து மூன்று.

கடைசிப் பெயர் நம்புசெல்வி.
அவள் பக்கத்தில் கணவர் கட்டமே இல்லை.
காலி அல்ல. இல்லை.
வடிகட்டிக்கு இரண்டும் ஒன்று,
தனியாகக் கேட்டால்தான் பிரித்துச் சொல்லும்.
டெல்பினைக் கேட்டேன்.
"அந்த வரியே வேணாம்னு சொல்லிச்சு அந்தக்கா."
மாசியில் போன வள்ளம். மூன்று பேர்.
ஒருவன் மட்டும் தலைமன்னார்ப் பக்கம் ஒதுங்கினான்.

கட்டம் இருந்து, உள்ளே காலியானால் மட்டும் எடு,
என்று மாற்றினேன்.
நாற்பத்திரண்டோடு பட்டியல் போயிற்று.
பணம் வந்த அன்று அவள் சங்கத்துப் பக்கமே வரவில்லை.
நான் செய்தது சரியா என்று
எந்த நிபந்தனையை எழுதிக் கேட்பது?

கச்சான் ஓய்ந்து வாடை திரும்பிய பிறகு
ஒரு மத்தியானம் வந்தாள்.
காலில் கட்டிய தகட்டை வாசலில் கழற்றிவிட்டு
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"கட்டத்த மட்டும் போட்டுரு.
உள்ள ஒண்ணும் எழுதாத."

போட்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனாள்.

அவள் போனபின்
கர்சரை உள்ளே வைத்து
நகர்கிறதா என்று
ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.