இரண்டு விரற்கடை

இல்ஹாம் ஓட்டோக்களுக்குப் பெயின்ற் அடிப்பவன்.
மடத்தடியில் அவன் கராஜ்.
கதவில்லாத ஒரு மூன்றுசில்லுக்கும்
இருமிக்கொண்டிருந்த கொம்பிரஷருக்கும் நடுவே
பழைய பேப்பர் விரித்து
என் பேஸ் கிட்டாரைக் கிடத்தினான்,
நாலு கம்பியும் கழற்றி, மல்லாக்க.

"உரிச்சிப் போட்டு அடிச்சா புதுசு போல வரும்.
ஏழாயிரம். உங்களுக்கெண்டா ஆறு."

நிலாவெளியில் மூடிக் கிடந்த ஹோட்டலின் சாமான் அறையில்,
ஈரம் குடித்த மெத்தைகளுக்குப் பின்னால்
கிடைத்தது இது.
காவல்காரன் வாய்க்கு வந்த விலை சொன்னான்.
தலையில் பெயர் இருந்த இடத்தில்
ஒரு எழுத்தின் கால் மட்டும் மிச்சம்.
யப்பானாக இருக்கலாம். எழுபதுகளாக இருக்கலாம்.
உப்புக்காற்று ஆணிகளைத் தின்றுவிட்டு
மரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தது.

சிவப்பு. அதாவது, ஒரு காலத்தில்.
மேல்விளிம்பில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு
மரம் தெரிகிறது.
யாரோ அங்கே முன்கையைப் போட்டிருந்திருக்கிறார்.
ஒரு பாட்டில் தேயாது அது, ஒரு வருசத்திலும் தேயாது.
பின்புறம் பெல்ட் கொக்கியின் கீறல்கள்,
கோழி கிளறிய முற்றம் மாதிரி.
தலைப்பக்கம் சிகரட் சுட்ட வடு:
கம்பிக்கிடையில் செருகிவிட்டு
பாட்டு முடியுமட்டும் மறந்துபோயிருக்கிறார்.
அவர் பெயர் எனக்குத் தெரியாது.
கை விழுந்த இடம் தெரியும்.

ட்ரம்ஸ் கொட்வினுக்குச் சந்தேகமே இல்லை.
"கலியாண வீட்டுக்காரர் காதுக்கு மட்டுமே காசு தாறாங்கள்?
வீடியோக்காரன் முதல்ல உன்னைத்தான் எடுக்கிறான்,
கையில சொறி பிடிச்ச சாமான்."
கீபோர்ட் துவாரகன் நேர்மாறு:
"தொட்டியோ, பெறுமதி போச்சு."
பெறுமதி. யாருக்கு விற்க?
டொக்யாட் றோட்டில் மருந்துக்கடையில் நிற்பவள் நான்.
சனி இரவில் மட்டும்
பந்தல்காலை அதிரவைக்கிற ஒரு சத்தத்துக்குச் சொந்தக்காரி.

எனக்கும் புதுசு வேண்டும்தான். ஒளிப்பானேன்.
மற்றவர் செருப்பில் கால் நுழைத்ததுபோல
அந்தத் தேய்வு எனக்குப் பொருந்துவதில்லை.
என் கை விழுவது
இரண்டு விரற்கடை கீழே.

இல்ஹாம் பின்புறத்தில், யாரும் பார்க்காத மூலையில்,
உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தான்.
சிவப்புக் கரைந்து அவன் நகங்களில் வழிந்தது.
"இங்க பாருங்க."
சிவப்புக்குக் கீழே வெள்ளை.
(விளிம்பில் தெரிந்த வெள்ளையை
அடிப்பூச்சு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.)
இன்னும் நாலு இழுப்பு.
வெள்ளைக்குக் கீழே தேன்மஞ்சள், ஓரம் கறுத்தது.

ஆக, இது மூன்றாவது தரம்.
வேறொரு கராஜில், வேறொரு பேப்பர் விரிப்புக்கு முன்னால்,
இதே யோசனையோடு ஆட்கள் நின்றிருக்கிறார்கள்.
இரண்டு தரமும் ஓம் என்றிருக்கிறார்கள்.
நான் தொடத் தயங்கிய பழசு
ஒருவர் ஆசைப்பட்டு அடித்த புதுசு.

"எந்தக் கலருக்குத் திரும்பப் போறீங்க?"
இல்ஹாம் கணக்குக்காகத்தான் கேட்டான்.
"காய எத்தனை நாள்?"
"ஒன்பது. மழை பிடிச்சா பதினைஞ்சு."
சனிக்கிழமை உப்புவெளியில் கலியாணம்.
இதைவிட்டால் என்னிடம் வேறு கிட்டார் இல்லை.

பெரிய முடிவு ஒன்றும் எடுக்கவில்லை என்று
சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.
ஆணிகளை மாற்றச் சொன்னேன்.
வெறும் மரத்தில் வியர்வை இறங்காமல்
நிறமில்லாத வார்னிஷ், மெல்லிசாய் ஒரு கை.
தேய்த்துப் பார்த்த மூலையை
அப்படியே விடச் சொன்னேன்:
ஐந்து ரூபாய்க் குத்தியளவில்
மஞ்சள், வெள்ளை, சிவப்பு.
அறுநூறு வாங்கினான்.
கொஞ்சம் ஏமாற்றம் அவனுக்கு.

சனி இரவு பதினாலு பாட்டு.
அவருடைய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே
என் கை விழுந்தது.
அங்கே சிவப்பு இன்னும் தடிப்பு.
வியர்த்துக் கொட்டியது.
இறங்கி வந்து, சமையல் பந்தல் லைட்டுக்குக் கீழே
சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தேன்.

ஒன்றும் தேயவில்லை.
கொட்வின் வேனில் ஏறச் சொல்லிக் கத்தினான்.