இடது நாசி

பெட்டியில் பத்து நாள் என்று அச்சிட்டிருந்தது.
நான் அதைப் பதினோரு வருடம் என்று வாசித்தேன்.
ஔலு நகரத்தின் நடமாடும் நூலகப் பேருந்தை ஓட்டுகிறவள்,
பொடி எழுத்தையும் விடாமல் படிக்கிறவள்
என்று எனக்குப் பெயர்.

ஒரு குப்பி கோட்டுப் பையில்.
ஒன்று ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்.
ஒன்று யாரும் எடுக்காத பூத்தையல் நூல்களுக்குப் பின்னால்.
ஒன்று தலையணைக்குக் கீழே;
வெய்க்கோவிடம் அதைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை.
இருபது வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு
அந்தப் 'புஸ்' கேட்காமலா இருக்கும்?
அவனும் மூச்சு விடவில்லை.

மருந்துக்கடைகள் ஐந்து. முறை வைத்துப் போனேன்,
கடன் வாங்கியவள் தெரு மாற்றி நடப்பதுபோல.
ஐந்தாவது கடையின் பீர்யோ கேட்டாள்,
"சளி இன்னும் விடவில்லையா?"
"வீட்டில் எல்லோருக்கும்" என்றேன்.
வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

காளைக்காவது மூக்கணாங்கயிறு
கயிறு என்று தெரியும்.
எனக்கு அது இரண்டு சொட்டு ஈரம்.
இழுத்த பக்கமெல்லாம் போனேன்.

ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பழைய பால்பண்ணை நிறுத்தத்தில் கையுறையை உருவும்போது
குப்பி நழுவிப் பனிக்குள் போனது.
மற்ற எல்லாம் அன்று பார்த்துக் காலி.
பேருந்துக்குள் ஆறு பிள்ளைகள், கையில் புத்தகங்களோடு.
வெளியே நான் முழந்தாளிட்டு
கைப்பேசி வெளிச்சத்தில், வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தேன்.
ஒனெர்வா, ஏழு வயது, எட்டிப் பார்த்தாள்.
"மோதிரமா?"
"ஆமாம்."
அவளும் இறங்கி வந்து தோண்டத் தொடங்கினாள்.

கிடைக்கவில்லை.
அவளுடைய விரல் நுனிகளை நான் பார்த்தேன்.

மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"ஒரு பக்கமாக விடுவோம். முதலில் இடது.
வலதுக்கு வழக்கம்போலக் கொடுங்கள்" என்றார்.
அப்படி என் முகத்தில் இரண்டு வீடுகள் ஆயின,
ஒன்றில் விருந்து, ஒன்றில் பட்டினி,
நடுவில் ஒரே ஒரு சுவர்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினேன்.
இடது பக்கம் முழுக்க சிமெண்ட்.
நான்காம் இரவு அழுதேன்; அழுகை அடைப்பை இன்னும் இறுக்கியது.
வெய்க்கோ எழுந்து வந்து வெந்நீரில் உப்பைக் கரைத்தான்.
கரண்டியைக் கழுவியபடியே சொன்னான்:
"தலையணைக்கு அடியில் இருந்தது ஒழுகும்.
எத்தனை தடவை மூடியிருக்கிறேன், தெரியுமா."

பன்னிரண்டாம் நாள், விடிகாலை நாலரை.
இடது நாசிக்குள்
ஊசி நுழையும் அளவுக்கு ஒரு காற்று.
அசையாமல் இருந்தேன்,
அடுத்த வீட்டுப் பூனை மடியில் ஏறிவிட்டவள்போல.

பிறகு வலது. சொல்ல ஒன்றுமில்லை.
அதுவும் அப்படித்தான், இன்னும் மோசம்.

முதலில் திரும்பி வந்த வாசனை பூ இல்லை.
ஹீட்டர்மேல் காயும் கம்பளிக் கையுறைகள்.
புகைபோட்ட மீனோடு ஒரே பையில் வந்த துப்பறியும் நாவல்.
இந்த நாற்றத்திலா இவ்வளவு காலம் ஓட்டினேன் என்று
தனியாகச் சிரித்தேன், ஜன்னலைத் திறக்காமல்.

ஏப்ரல் கடைசியில் பனி உருகியது.
பால்பண்ணை நிறுத்தத்தில் ஒனெர்வா நின்றாள்.
"மோதிரம் இல்லை. இதுதான் கிடந்தது."
வெள்ளைக் குப்பி. குலுக்கினால் பாதிக்கு மேல்.
"இதைத்தான் தேடினேன்" என்றேன்.
ஓ, என்றுவிட்டு அவள்
டைனோசர் வரிசைக்குப் போனாள்.

பழைய மருந்துகளை பீர்யோ திருப்பி வாங்கிக்கொள்வாள்.
அவள் கடைவரை பதினெட்டு கிலோமீட்டர்.
சிவப்பு விளக்கு ஒன்றில், கோட்டுப் பைக்குள்
கட்டைவிரல் மூடியின் விளிம்பைக் கண்டுபிடித்தது,
ஒருமுறை திருகியும் பார்த்தது.
விளக்கு மாறியது.
மிச்ச வழி முழுக்க
வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.