பதினொன்றரை

சாமான் பிரித்தது ஒரு ஞாயிறு மாலை,
குரல் உயர்த்தாமல், வரிக்கணக்கு எழுதுபவர்கள் மாதிரி.
கட்டில் அவனுக்கு, சோபா எனக்கு.
எஸ்பிரெசோ மெஷின் மயூரதனுடைய காசு,
ஒரு குளிர்காலம் முழுக்க ஓவர்டைம்.
கிரைண்டர் என் முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு
அவன் வாங்கித் தந்தது, ஆகவே என்னுடையது.
நியாயம்தான். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.
ஒன்றை வைத்துக்கொண்டு
மற்றதில்லாமல் என்ன செய்வது என்று
யாரும் கேட்கவில்லை.

வுப்பர்டாலில் அன்றைக்கும் மழை.
பதினான்கு கிலோவை நெஞ்சோடு அணைத்து
நான்கு மாடி இறங்கினான்.
தொட்டித் தண்ணீரை வடிக்க மறந்திருந்தோம்.
படிக்குப் படி சொட்டிக்கொண்டே போனது.
அந்தக் கிழமை படி துடைக்கும் முறை
எங்கள் வீட்டுக்கு. அதாவது, எனக்கு.

காதுக்கருவி பொருத்துவது என் தொழில்.
எழுபத்தெட்டு டெசிபல் இந்தக் கிரைண்டர்;
வேலையிடத்து மீட்டரைக் கொண்டுவந்து ஒருமுறை அளந்தேன்.
"என்ன? கேக்கேல்லை" என்றான் அவன்,
அது ஓடி நின்ற பிறகும்.
கொட்டை குறையக் குறைய அதன் குரல்
அரைச் சுருதி ஏறும்.
அடுத்த அறையில் பல் துலக்கிக்கொண்டே சொல்லிவிடுவேன்:
முடியுது, போடு.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு கிலோ கொட்டை செலவானது.
ஒன்பதில் அடைத்துக்கொண்டது.
பதினாலில் மூத்திரம் மாதிரிப் பாய்ந்தது, உவமை அவனுடையது.
பன்னிரண்டில் புளிப்பு.
நள்ளிரவில், கைகள் நடுங்க,
எலிவால் தடிப்பில் தேன்நிறமாக இறங்கியது,
இருபத்தெட்டு செக்கன்.
அதைக் குடிக்க ஒருவருக்கும் தெம்பில்லை.
தொட்டியில் ஊற்றிவிட்டுப் படுத்தோம்,
தூக்கம் வராமல் விடியும்வரை
வேறு என்னென்னவோ கதைத்தோம்.

தனியாக வந்த முதல் காலை
பழக்கத்தில் அரைத்துவிட்டேன்.
தராசில் சரியாகப் பதினெட்டு கிராம்.
வீடு முழுக்க வாசம்.
அதற்கப்பால் செய்வதற்கு ஒன்றுமில்லை.
கேத்தல் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன்.
சேறு. பல்லில் நின்றது.

மூன்றாம் கிழமை அவனிடமிருந்து ஒரு செய்தி:
"நாங்கள் எத்தனையில வச்சிருந்தனாங்கள்?"
ஹாகனில் புதுக் கிரைண்டர் வாங்கியிருக்கிறான்.
பதினொன்றரை, என்று அனுப்பினேன்.
ஒரு கிரைண்டரின் பதினொன்றரை
இன்னொன்றில் பதினொன்றரை அல்ல.
பல் வேறு, இடைவெளி வேறு,
பூச்சியம் தொடங்கும் இடமே வேறு.
எனக்கு இதைச் சொல்லித் தந்ததே அவன்தான்.
கேட்டான். சொன்னேன்.
பத்து நிமிடத்தில்: "இறுகிப்போச்சு. சொட்டுச் சொட்டாத்தான் வருது."
பெருசாக்கிப் பார் என்று எழுதி, அழித்து,
திரும்ப எழுதி அனுப்பினேன்.
அவ்வளவுதான் அந்த வருடம் நாங்கள் கதைத்தது.

வாங்க வந்தவர் ஹைக்கே ஒபர்டிங்,
ரொன்ஸ்டோர்ஃபிலிருந்து, கைப்பையில் சொந்தத் தூரிகையோடு.
கேட்காமலே மேல்வளையத்தைக் கழற்றினார்.
உள்ளே ஒட்டிக்கிடந்த பழைய தூள்,
எப்படியும் இரண்டு கிராம் இருக்கும்,
எந்தக் காலையினுடையதோ,
விரித்த பேப்பரில் விழுந்தது.
முகர்ந்து பார்த்து, "செத்துவிட்டது" என்றார்,
கோப்பியைத்தான்.
நூற்றிருபது கேட்டேன். நூறு தந்தார்.
எத்தனையில் வைப்பீர்கள் என்றார் வாசலில்.
உங்கள் மெஷினைப் பொறுத்தது என்றேன்.

இப்போது எல்பர்ஃபெல்டில், தொங்குரயில் ஏறுமுன்,
பேக்கரியில் நின்றபடி ஒரு கோப்பை.
கவுண்டர்ப் பெண் முதுகு காட்டியபடி
யாருக்கோ பால் நுரைக்கிறாள்.
அந்தச் சீறலுக்கு அடியில்
அவர்களுடைய கிரைண்டர் அரைச் சுருதி ஏறுகிறது.
வரிசையில் ஏழு பேர். ஒருவருக்கும் கேட்கவில்லை.
"கொட்டை முடியுது, போடுங்கோ" என்றேன்.
தமிழில் சொல்லிவிட்டேன்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.